காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்னும் பழமொழியை அறியாதார் எம்மவரில் மிகச் சிலரே. ஆடி, ஆவணி மாதங்களிலே பனங்குலை பழுத்துக் காம்பு தளர்ந்து, இன்று விழுவதோ நாளை விழுவதோ என்று நிற்கும். அவ்வேளையிற் காகமொன்று பறந்து வந்து குலையில் அமரும். பழம் பொத்தென்று விழும். கீழே நின்று கண்டவன், காகம் விழுத்திற்று என்பான். தருக்க நூலார் இதனைக் காகதாலீய நியாயம் என்று பெயரிட்டு வழங்கினர். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையால் மாத்திரம் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்பது அதன் கருத்து.

பழமொழி எம்மை எச்சரிக்கின்றதே யன்றி வழி காட்டுவதில்லை. காகத்தின் பாரத்தினால் விழுந்த பழமும் உலகில் உண்டன்றோ? மூன்று நாட் கழித்து விழவேண்டிய பழத்தை இன்றே விழுத்திய காகமும் உண்டு. அக்காகம் வாராதிருப்பின் அப்பழம் என்னவாகியிருக்கும் என்பதே வினா. அதனை எவரும் கண்டிலர், காணவும் இயலாது. வந்த காகத்தை வராததாக்கி, அதே பழத்தை மறுமுறை பார்ப்பது எங்ஙனம்? காரணங்களை ஆராயும் விஞ்ஞானிகள் அனைவரும் இடர்ப்படும் இடம் இதுவேயாகும். நடவாத ஒன்றை, நடந்தவற்றைக் கொண்டு அவர்கள் மதிப்பிடவேண்டியிருக்கின்றது.

எம் பாட்டன் பாட்டிமார் நன்கறிந்த முறைக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். மலேரியாவின் ஒருவகை, ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் நடுக்கமுமாக வரும். காய்ச்சல் உச்சத்தில் நிற்கும்போது வீட்டார் வாளாவிருப்பரோ? வேப்பம்பட்டைக் கசாயங் கொடுப்பர், நூல் கட்டுவர், திருநீறு இடுவர். மறுநாட் காலையிற் பிள்ளை எழுந்திருந்து கஞ்சி கேட்கும். செய்தது யாதாயினும் அது பலித்ததாகவே தோன்றும். ஏனெனில், ஒன்றுமே செய்யாதிருப்பினும் அந்த மறுநாளிற் காய்ச்சல் வாராது! அதற்கடுத்த நாள் அது திரும்பியதும், பத்தியம் முறிந்ததென்று சமாதானமுங் கூறப்படும். கொயினா மருந்துக்கும் கையிற் கட்டிய நூலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வீட்டின் அநுபவத்தைக் கொண்டு மாத்திரம் அறிய முடியாமற் போனமை இதனாலேயே.

ஒரு வீட்டில் நேரும் இம்மயக்கம் ஒரு நாட்டுக்கும் நேரலாம். இதே மலேரியாவைப் பற்றி, இதே இலங்கையிலே அது நேர்ந்தது. குடித்தொகை நூல்களில் உலகெங்கும் எடுத்தாளப்பட்ட அவ்வழக்கின் வரலாற்றை எமது மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

அக்காலத்தில் இலங்கையின் வறண்ட வலயமெங்கும் மலேரியா குடிகொண்டிருந்தது. மன்னார், வவுனியா, அநுராதபுரம், திருகோணமலை, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களிற் பிள்ளைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்தால், வீங்கிய மண்ணீரல் கைக்குத் தட்டுப்படும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவ்வீக்கம் உண்டு என்று எண்ணியே ஓரிடத்தின் மலேரியாக் கடுமையைச் சுகாதாரப் பகுதியார் அளந்தனர். இவ்வளவு பின்னர் பெரும்பணி ஒன்றைச் செய்யப்போகின்றது. வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக. கொழும்பு, களுத்துறை, காலி முதலிய ஈர வலயத்து மாவட்டங்களிலும் நுவரெலியா போன்ற உயர்ந்த மலைப்பகுதிகளிலும் நோய் அரிதாகவே இருந்தது. அதனைப் பரப்பும் நுளம்பு, பெருக்கெடுத்தோடும் ஆற்றிற் பெருகாது. தேங்கி நிற்கும் நீரிலேயே பெருகும். 1934 இல் மழை பொய்த்து, என்றும் வற்றாத ஆறுகள் குட்டை குட்டையாகச் சுருங்கியபோது, நோய்க்குப் பழக்கப்படாத கேகாலை, குருநாகல் மக்களிடையே அது காட்டுத்தீப்போற் பரவிற்று. 1935 இன் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அவ்வாண்டின் மரண வீதம் ஆயிரத்திற்கு 36 ஐயும் தாண்டிற்று.

டி.டி.ரி. என்னும் பொருள் பூச்சிகளைக் கொல்லவல்லது என்பதைச் சுவிற்சலாந்து தேசத்தவரான போல் மியூலர் 1939 இற் கண்டறிந்தார். அதற்காக 1948 இல் அவர் நோபெற் பரிசு பெற்றார். போர் முடிந்த வேளையில் அம்மருந்து இலங்கைக்கு வந்து சேர்ந்தது. 1945 இன் பிற்பகுதியிற் சிறிதாகத் தொடங்கிய தெளிப்பு 1946 இல் விரிந்து, 1947 அளவில் நோய் நிலைபெற்ற பிரதேசங்கள் முழுவதையும் தழுவிற்று. வீடு வீடாகச் சென்று சுவர்களுக்கு மருந்தடித்தனர். இரத்தங் குடித்த நுளம்பு இளைப்பாறும் இடம் அச்சுவரேயாதலின், அங்கேயே அது மடிந்தது.

பயன் யாது? 1946 இல் ஆயிரத்திற்கு 20 ஆக இருந்த மரண வீதம் 1947 இல் 14 ஆயிற்று. பிறந்த ஆயிரங் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறந்தவை 141 இலிருந்து 101 ஆகக் குறைந்தன. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இலங்கையின் சனத்தொகை 66 இலட்சத்துக்கு மேல். கூட்டிப் பெருக்கிப் பார்த்தால், ஓராண்டிலே ஏறத்தாழ 40,000 உயிர்கள் தப்பின என்றாகின்றது. மருந்தடித்தார்கள், மரணங் குறைந்தது. காகம் இருந்தது, பழம் விழுந்தது.

இந்தக் கணக்கை உலகத்தார் எடுத்துக்கொண்ட விதம் பலவாயிற்று. தலைக்குச் சில சதங்களே செலவாகும் ஒரு நஞ்சு இத்தனை உயிரைக் காக்குமாயின், வைத்தியசாலைகளுக்கும் மருத்துவிச்சிமாருக்கும் கோடிக்கணக்கிற் செலவிடுவானேன் என்று எண்ணினர் ஒருசாரார். வேறு சிலரோ கொடிதான முடிவொன்றுக்கு வந்தனர். ஏழை நாடுகளின் மக்கள் தம் உழைப்பினால் உயராமல், வெளியிலிருந்து வந்த மருந்தினால் மாத்திரம் பிழைத்துவிட்டனர். இனிச் சனத்தொகை பெருகி அவர்கள் பசியால் வாடுவர். நோயை ஒழித்ததே வினையாயிற்று என்பது அவர்தம் வாதம். எனவே, மரணங் குறைந்ததற்கு மருந்தே காரணமோ, வேறு காரணங்களும் உண்டோ என்ற கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி யன்று. எந்த நாட்டுக்கு எந்த உதவியை அளிப்பது, எதனை மறுப்பது என்பது அதன் விடையிற் தங்கியிருந்தது.

முதலில் ஆண்டுகளை நோக்குவோம். 1947 இன் 14 ஐ எதனோடு ஒப்பிடுவது? 1945 இன் வீதம் ஏறத்தாழ 22. அதனோடு ஒப்பிட்டால் வீழ்ச்சி 8. ஆனால் 1942 இன் வீதமோ 19 ஐயும் எட்டவில்லை. அதனோடு ஒப்பிட்டால் வீழ்ச்சி 4 அளவினதே. 1930 முதல் 1945 வரையுள்ள சராசரியைக் கொள்வோமாயின், 1935 இன் பேரழிவும் அதனுள் புகுந்து, பழைய காலத்தை உள்ளதினும் கொடியதாகக் காட்டும். ஒரே வெற்றியை மூவர் மூன்று அளவாகச் சொல்லலாம். மூவருள் எவரும் பொய் கூறியவர் ஆகார்.

இன்னும், 1947 இல் மாறியது மருந்து ஒன்றுதானா? 1942 இற் பர்மா வீழ்ந்ததும் அரிசி வரவு தடைப்பட்டது; கூப்பனுக்குக் கிடைத்த சொற்ப அரிசியோடு மக்கள் காலந் தள்ளினர். போர் முடிந்ததும் அந்நிலை மெல்ல மாறலாயிற்று. 1934 ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின் பின்னர் கிராமப் புறங்களில் வைத்தியசாலைகளும் மருந்துச் சாலைகளும் பெருகி வந்தன. சல்பா மருந்துகளும் பெனிசிலினும் நாட்டுக்குள் வரத் தொடங்கின. இவை யாவும் ஒரே காலத்தில் வந்தமையால், குலையிலே ஒரு காகமன்று, ஐந்தாறு காகங்கள் அமர்ந்திருந்தன எனலாம்.

இத்தகைய இடத்தில் எமது முன்னோர் கூறிய வழியொன்றுண்டு. கருதலளவையை விளக்கும் சைவ நூல்கள் அன்னுவயம், வெதிரேகம் என இரண்டைக் கூறும். புகையுள்ள இடத்தில் நெருப்புண்டென்று காண்பது அன்னுவயம். நெருப்பில்லாத இடத்திற் புகையில்லையென்று காண்பது வெதிரேகம். முன்னதோடு அமையாது பின்னதையும் தேடுக என்பது விதி. ஆகவே, மருந்து அடிக்கப்படாத மாவட்டங்களில் என்ன நடந்தது என்று பார்த்தல்வேண்டும். நற்பேறாக, இலங்கையிற் பிறப்பு இறப்புப் பதிவு 1867 முதல் ஒழுங்காக நடைபெற்று வந்தது; மாவட்டந்தோறும் கணக்கு இருந்தது. இப்பேறு அக்காலத்தில் ஆசியாவின் பல நாடுகளுக்கு வாய்க்கவில்லை.

அக்கணக்கை விரித்துப் பார்த்தவருள் முதன்மையானவர் பிறெடெறிக்சன் என்னும் அமெரிக்கப் பொதுச் சுகாதார அறிஞர். 1960 இலும் 1961 இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் பலரைத் திடுக்கிடச் செய்தன. மருந்தடித்த இடங்களில் மரணங் குறைந்தது உண்மை. ஆனால் மருந்தடிக்காத இடங்களிலும் ஏறக்குறைய அதுபோலவே குறைந்தது என்றார் அவர். காகம் வாராத மரங்களிலும் பழம் விழுந்திருந்தது. உணவும் பொருளாதார முன்னேற்றமுமே பெருங் காரணங்கள் என்பது அவர் துணிபு. 1967 இல் எமது நாட்டு அறிஞர் மீகம அவர்களும், மலேரியா இல்லாத பகுதிகளிலும் நேர்ந்த வீழ்ச்சியைச் சுட்டி, மருத்துவ சேவைகளின் வளர்ச்சியை வற்புறுத்தினார்.

"அதுபோலவே குறைந்தது" என்ற சொற்களிலே ஒரு நுட்பம் மறைந்து கிடக்கின்றது. மாணவர்கள் இவ்விடத்திற் சற்றுத் தரித்து நிற்பார்களாக. கற்பனையாக இரண்டு ஊர்களைக் கொள்வோம். ஒன்றில் மரண வீதம் 30 இலிருந்து 21 ஆகின்றது. மற்றதில் 20 இலிருந்து 14 ஆகின்றது. இரண்டிலும் நூற்றுக்கு முப்பது வீழ்ச்சி. ஆதலால் இரண்டும் சமம் என்பார் ஒருவர். முதலூரில் ஆயிரம் பேருக்கு 9 உயிர் தப்பின, மற்றதில் 6 தான். ஆதலால் முதலூரில் ஏதோ சிறப்பான காரணம் உண்டென்பார் மற்றொருவர். இருவரும் பார்த்தது ஒரே ஏடு. கழித்துப் பார்ப்பதா, வகுத்துப் பார்ப்பதா என்ற ஒரு தீர்மானத்திலே காரணம் தோன்றியும் விடுகின்றது, மறைந்தும் விடுகின்றது. எண்கள் தாமாகப் பேசும் என்று சொல்வோரை நாம் ஐயத்துடனேயே நோக்குகின்றோம். எண்களிடம் கேள்வி கேட்பவன் ஒருவன் எப்பொழுதும் இருக்கின்றான்.

பொருளியலறிஞர் பீற்றர் நியூமன் வேறொரு வழியை மேற்கொண்டார். மருந்தடித்த மாவட்டம், அடிக்காத மாவட்டம் என்று இரண்டாகப் பிரிப்பதை விடுத்து, நாம் முன்னர் குறிப்பிட்ட மண்ணீரற் கணக்கைக் கையிலெடுத்தார். அவர் செய்ததை வரைபுத் தாளிலே எவரும் செய்து பார்க்கலாம். கிடைக் கோட்டில், தெளிப்புக்கு முன்னர் ஒவ்வொரு மாவட்டத்துப் பிள்ளைகளிலும் மண்ணீரல் வீங்கியோர் நூற்றுக்கு எத்தனை என்பதைக் குறியுங்கள். நிலைக் கோட்டில், அம்மாவட்டத்தின் மரண வீதம் எவ்வளவு வீழ்ந்தது என்பதைக் குறியுங்கள். மாவட்டத்துக்கு ஒரு புள்ளியாக வைத்து, புள்ளிகளினூடே பொருத்தமான நேர்கோடு ஒன்று வரையுங்கள். மலேரியா மிகுந்த இடத்தில் வீழ்ச்சியும் மிகுமாயின் கோடு மேனோக்கி ஏறும். அக்கோட்டை இடப்பக்கமாக, மண்ணீரல் வீக்கமே இல்லாத பூச்சியம் வரை நீட்டினால், அங்கே கோடு நிற்கும் உயரம் ஒன்று உண்டு. மலேரியாவே இல்லாத ஒரு மாவட்டத்தில் எவ்வளவு குறைந்திருக்கும் என்பது அவ்வுயரம். அது உணவு, வைத்தியம் முதலிய பிறவற்றின் பங்கு. அதற்கு மேலே எஞ்சியது மலேரியா ஒழிப்பின் பங்கு. காணவியலாத "காகம் வாராத மரம்" இவ்வாறு ஒரு கோட்டின் நுனியிலே காட்சி தருகின்றது. இதனைப் புள்ளிவிபரவியலார் பிற்செலவு என்பர்.

இம்முறையால், போருக்குப் பிந்திய மரண வீழ்ச்சியில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேற்பட்டது மலேரியா ஒழிப்பினால் வந்தது என்று நியூமன் கணித்தார். பின்னர் 1974 இற் கிறே என்னும் அறிஞர் அதே மண்ணீரற் கணக்கைக் கொண்டு மறுபடி ஆராய்ந்து, அது நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்ததே என்றார். இருவர் சொல்லையும் ஒப்புநோக்கின், மருந்தே முழுக் காரணம் என்ற பழைய கதைக்கு இடமில்லை; மருந்துக்குப் பங்கே இல்லை என்பதற்கும் இடமில்லை. எமது அபிப்பிராயத்தில், குறைந்த கணக்கே மெய்யென்று கொண்டாலுங்கூட, பல்லாயிரம் குடும்பங்களின் கண்ணீரை அம்மருந்து தடுத்தது. அதனைச் சிறிதென்று சொல்ல எமக்கு நாவெழவில்லை.

ஆயினும் நேர்கோட்டை அளவுக்கு மிஞ்சி நம்பலாகாது. மண்ணீரல் வீக்கம் மிகுந்த மாவட்டங்களே வறுமை மிகுந்தனவும், வைத்தியசாலை குறைந்தனவும் ஆகும். அவற்றுக்குப் புதிதாக ஒரு வைத்தியர் சென்றாலும் பயன் அதிகமாகவே தோன்றும். அப்பயனும் மலேரியாவின் கணக்கிலே சேர்ந்துவிடும். மறுபுறத்தில், மலேரியாவினாற் சோகை பிடித்த தாய் பிரசவத்தில் இறந்தால் அது பிரசவ மரணமாகவே பதியப்படும். மெலிந்த குழந்தை வலிப்புக் கண்டு இறந்தால் வலிப்பென்றே பதியப்படும். ஆகவே நோயின் பெயரைக் கொண்டு பிணங்களை எண்ணியும் உண்மை காண இயலாது. டி.டி.ரி. நுளம்பை மாத்திரமா கொன்றது? ஆரம்பத்தில் இலையான்களையும் கொன்றது. இலையான் குறைந்தால் வயிற்றோட்டமும் குறையும். அது மருந்தின் பயனே, ஆனால் மலேரியா ஒழிந்ததன் பயனன்று.

மாவட்டம் என்ற அளவும் ஐயத்துக்குரியதே. அந்நாளில் யாழ்ப்பாண மாவட்டம் என்றாற் கிளிநொச்சிப் பகுதியும் அதனுள் அடங்கும். 1984 இலேதான் அது தனி மாவட்டமாயிற்று. கிணற்று நீரை நம்பிய தீபகற்பத்தையும் குளத்து நீரை நம்பிய பெருநிலப் பரப்பையும் கூட்டி ஓரெண்ணால் வகுத்தால், அச்சராசரி இரண்டிடத்துக்கும் பொருந்தாது. வரைபுத் தாளில் அதுவும் ஒரு புள்ளியாக அமைதியாக இருக்கும்.

இத்தனை தொல்லைகளையும் ஒரே வீச்சிற் தீர்க்கும் வழியொன்று உண்டு. அதுதான் திருவுளச்சீட்டு. எந்த ஊருக்கு மருந்து, எந்த ஊருக்கு இல்லை என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்திருப்பின், ஏழை ஊரும் செல்வ ஊரும், வைத்தியர் உள்ள ஊரும் இல்லாத ஊரும் இருபக்கமும் கலந்து விழுந்திருக்கும். நாம் அறிந்த வேறுபாடுகள் மட்டுமன்றி அறியாதனவும் பெரும்பாலும் சமப்பட்டிருக்கும். அக்காலத்திலேயே இங்கிலாந்தில் இது செய்யப்பட்டது. காசநோய்க்குப் புதிதாக வந்த ஸ்ரெப்ரோமைசினை 107 நோயாளரிடையே சீட்டின்படி பரீட்சித்தனர். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துள் 4 பேரும், படுக்கையில் ஓய்வு மாத்திரம் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தனர் என்பது 1948 இல் வெளியான முடிவு. அந்நாட்டில் எல்லோருக்கும் போதிய மருந்து இல்லாமையாற் சீட்டுப் போடுதல் அநீதியாகத் தோன்றவில்லை. இலங்கையிலோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் 80,000 பேர் மாண்டிருந்தனர். கையில் மருந்தை வைத்துக்கொண்டு, சீட்டு விழவில்லை என்று ஓரூரைக் கைவிட எந்த அமைச்சருக்கு மனம் வரும்? நோய் மிகுந்த இடத்துக்கே முதலில் ஓடினர். அதனால் உயிர்கள் தப்பின, கணக்கு கலங்கிற்று. அவர்களைக் குறைகூற நாம் ஒருப்படோம்.

கதை அங்கே முடியவில்லை. 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா காணப்பட்டது. தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1967 இன் பின் நோய் திரும்பி, 1969 இல் மாத்திரம் 5 இலட்சத்து 37 ஆயிரம் பேருக்கு மேற் பீடித்தது. இதற்கும் ஒரு காகத்தைச் சிலர் கண்டுபிடித்தனர். 1962 இல் அமெரிக்காவில் றேச்சல் காசன் அம்மையார் எழுதிய "மௌன வசந்தம்" என்னும் நூல் பூச்சி மருந்துகளின் தீமையை எடுத்துரைத்தது. அதற்கஞ்சியே இலங்கை மருந்தை நிறுத்திற்று. அதனாற் காய்ச்சல் திரும்பிற்று என்று இன்றும் எழுதுவோர் உளர். ஆண்டுகள் வரிசையாக நிற்பதாற் கதை கேட்க இனிதாக இருக்கின்றது. உண்மையில், நோயாளர் ஏறக்குறைய இல்லாமற் போனமையாலேயே தெளிப்பு நின்றது. நோய் திரும்பியதும் அதே டி.டி.ரி. மறுபடி அடிக்கப்பட்டது. நுளம்புகள் அதற்குப் பழகிவிட்டமையால் 1970 களின் நடுப்பகுதியில் மலத்தியனுக்கு மாறவேண்டியதாயிற்று.

அந்த 1969 இல் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றும் நாட்டின் மரண வீதம் ஆயிரத்திற்கு 8 அளவிலேயே நின்றது. அப்படியாயின் 1946 இலும் மலேரியா உயிர்கொல்லியாக இருக்கவில்லையென்று சொல்லலாமா? சொல்லலாகாது. 1969 இல் வந்தது பெரும்பாலும் கொடுமை குறைந்த வகை. குளோறோகுயின் எங்குங் கிடைத்தது. வைத்தியசாலை அண்மையில் இருந்தது. வயிற்றுக்கு உணவும் இருந்தது. காற்றடிக்கும் நாளில் அமரும் காகமும் காற்றில்லா நாளில் அமரும் காகமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 2012 இன் பின் உள்ளூரிற் தொற்றிய மலேரியா காணப்படாமையால், 2016 செப்ரெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா நீங்கிய நாடென அறிவித்தது.

பழைய மண்ணீரற் கணக்கின் பணி அதன் முன்னரும் ஓய்ந்துவிடவில்லை. மாவட்டந்தோறும் வேறுபட்ட அம்மலேரியாக் கடுமையைக் கொண்டு 2010 இல் ஏட்றியன் லூக்கஸ் என்னும் பொருளியலறிஞர் வேறொரு வினாவை எழுப்பினார்: காய்ச்சல் நீங்கியதாற் பெண்பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்களா? நோய் மிகுந்த இடத்திற் பிறந்தோருள் ஒழிப்புக்கு முந்தியோரையும் பிந்தியோரையும் ஒப்பிட்டு, கல்வியாண்டுகள் எவ்வளவு கூடின என்று கண்டார். நோய் குறைந்த இடத்திலும் அதே ஒப்பீட்டைச் செய்தார். இரண்டு வித்தியாசங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே காய்ச்சல் நீங்கியதன் பயன் என்பது அவர் முறை. 1945 இல் வந்த இலவசக் கல்வியும் ஏறக்குறைய அதே காலத்ததாதலின், அதுவும் குலையில் அமர்ந்த காகமன்றோ என்று வாசகர் கேட்பது நியாயமே. இலவசக் கல்வி எல்லா மாவட்டத்துக்கும் ஒருங்கே வந்ததாயின் வித்தியாசத்தின் வித்தியாசத்தில் அது கழிந்துபோம். பின்தங்கிய மாவட்டங்களுக்கே கூடிய பயன் தந்ததாயிற் கழியாது. இதற்காகவே, வேறு காலத்தில் நோயை ஒழித்த தென்னமெரிக்க நாடாகிய பரகுவேயையும் அவர் உடன்வைத்துப் பார்த்தார். இரண்டு நாட்டிலும் விடை ஒருவழியே சென்றது: காய்ச்சல் நீங்கிய இடத்துப் பெண்கள் கூடுதலாகப் படித்திருந்தனர்.

இலங்கைப் பெண்களின் கல்வி விபரங்களை அவர் 1987 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பிலிருந்து பெற்றார். போர் காரணமாக அக்கணக்கெடுப்பு வடக்கிலும் கிழக்கிலும் நடைபெறவில்லை. காய்ச்சல் மிகுந்திருந்த மன்னாரிலும் வவுனியாவிலும் வாழ்ந்த பெண்கள் அந்த ஏட்டில் இல்லை.